உப்பு ஜாடியில் நின்றுபோன நார்த்தை
புதுக்கோட்டைச் செம்மண்ணில் விளையும் காயும், குப்பைக்குப் போகும் தோலும், அதைப் பாகில் ஏற்றும் பழைய வித்தையும்

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடி போகும் சாலையில் முதலில் கண்ணில் படுவது தைல மரக் காடுகளும் முந்திரிக் காடுகளும்தான். வானம் பார்த்த பூமி என்று மாவட்டத்துக்கே ஒரு பெயர் உண்டு. ஆனால், ஆலங்குடி தாண்டி வடகாடு எல்லையைத் தொட்டதும் நிலத்தின் நிறமே மாறிவிடும். சிவந்த மண், அதன்மேல் பலா, தென்னை, வாழை, இடையிடையே மல்லிகையும் சம்பங்கியும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கீரமங்கலம். விடிவதற்கு முன்பே பூ மூட்டைகள் வந்து இறங்கும் ஊர். பக்கத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அந்தக் குதிரை தெரியாத அளவுக்குக் காகிதப்பூ மாலைகள் குவியும்.

இந்த வட்டாரத்தில் எலுமிச்சையும் உண்டு. கோடையில் ஒவ்வொரு காயும் எண்ணி விற்கப்படும். மழைக்காலம் வந்தால் அதே காயை மூட்டையாகக் கொட்டினாலும் பறிகூலிக்குக் கட்டாது. எலுமிச்சை வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

எலுமிச்சைக்காவது சந்தை என்று ஒன்று இருக்கிறது. அதன் பெரிய அண்ணன் நார்த்தைக்கு அதுவும் கிடையாது. கொல்லையில், கிணற்றடியில், துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் தனியாக ஒரு மரம் நிற்கும். முள் குத்தும் என்று பிள்ளைகள் கிட்டே போகமாட்டார்கள். காய்க்கும்போது கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பாதி ஊறுகாய்க்குப் போகும், கால்வாசி அக்கம்பக்கத்துக்குப் போகும், மீதி மரத்தடியில் கிடந்து மண்ணாகும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்களை அறுத்து விறகுக்கு அனுப்பியவர்கள் இன்னும் அந்த நாளைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த அமளியில் கொல்லை நார்த்தை விழுந்ததை யார் கணக்கில் எழுதுவார்கள்? தென்னங்கன்று தேடி அலைந்தபோது நார்த்தங்கன்று யார் நினைவுக்கும் வரவில்லை என்பதுதான் பல வீடுகளின் கதை. மரம் போனதோடு, மாடியில் சுருள் சுருளாக நார்த்தங்காய் காயவைக்கும் வேலையும் பல வீடுகளில் நின்றுபோனது. இப்போது கடையில் பாக்கெட் வாங்குகிறார்கள்.

இந்த மரத்தை மறுபடி நடுவதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? இருக்கிறது. அது காயின் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது.

மலையின் பெயரும் காயின் பெயரும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் நார்த்தாமலை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நார்த்தை மரங்கள் நிறைந்த மலை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால், 'நகரத்தார் மலை' என்பதே நாளடைவில் நார்த்தாமலை ஆனது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். சோழர் காலத்தில் இது பெரிய வணிக ஊர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயர் இங்கே கல்வெட்டில் இருக்கிறது. மலைமேல் நிற்கும் விஜயாலய சோழீச்சரம் 9-ஆம் நூற்றாண்டுக் கோயில்.

எனவே, மலைக்கும் காய்க்கும் பெயரில் உறவில்லை. ஆனால், காயின் பெயருக்கே தனி வரலாறு உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் வரிசையில் 'நரந்தம்' ஒன்று. அதற்கு நாரத்தம்பூ என்று உரை சொல்வதுண்டு. வடமொழியின் 'நாரங்கம்', பாரசீகத்தின் 'நாரங்', அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன 'ஆரஞ்சு' எல்லாமே திராவிட மொழி வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. கொல்லை மூலையில் நிற்கும் மரத்தின் பெயர் உலகம் சுற்றி வந்திருக்கிறது.

மரமும் அப்படித்தான் சுற்றியது. எலுமிச்சை இனத்தின் பூர்வீகம் இமயமலையின் கிழக்கு அடிவாரம், அசாம், அதையொட்டிய மலைகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் மேற்கே பயணம் போனது தடித்த தோல் நார்த்தைதான். கி.மு. 300-ஐ ஒட்டி கிரேக்க நாட்டுத் தாவர அறிஞர் தியோபிராஸ்டஸ் இதைப் பாரசீகப் பக்கத்து ஆப்பிள் என்று எழுதிவைத்தார். தின்ன உதவாது, துணிப்பெட்டியில் வைத்தால் பூச்சி வராது என்பது அவர் குறிப்பு. நம் வீடுகளிலும் காய்ந்த எலுமிச்சைத் தோலைப் புத்தக அலமாரியில் போட்டுவைக்கும் வழக்கம் உண்டு.

கற்கண்டு போன வழி

தோலைத் தின்னும் பண்டமாக மாற்றியது சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தை இந்தியாவில் பிறந்தது. கட்டிச் சர்க்கரைக்கு வடமொழியில் 'கண்ட' என்று பெயர், அதாவது துண்டு. அது அரபு நாட்டுக்குப் போய் 'கந்த்' ஆனது, ஐரோப்பாவில் 'கேண்டி' ஆனது. தமிழில் கல்லோடு சேர்ந்து கற்கண்டு ஆனது. மிட்டாய்க்கடைப் பிள்ளைகள் 'கேண்டி' என்று கேட்பதும், பாட்டி சுருக்குப் பையில் வைத்திருக்கும் கற்கண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

அரபு வணிகர்கள் கரும்பை மத்தியதரைக் கடல் கரைகளில் பரப்பினார்கள். பழத்தைப் பாகில் போட்டு வைக்கும் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'முரப்பா'. நாம் சளிக்குத் தின்னும் இஞ்சி முரப்பாவில் இருப்பது அந்தச் சொல்தான். ஆக, பாகில் ஏற்றும் வித்தை நமக்கு அந்நியமில்லை. தேன்நெல்லி, குல்கந்து, மாதுளை மணப்பாகு எல்லாம் அதே குடும்பம். வடக்கே ஆக்ராவில் பூசணிக்காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாகில் ஏற்றிச் செய்யும் பேட்டா ஒரு ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நார்த்தந்தோல் அப்படி ஒரு பெயரை வாங்கியது இத்தாலியிலும், பக்கத்துக் கார்சிகா தீவிலும். அங்கே நார்த்தங்காயை இரண்டாக வெட்டி, பீப்பாயில் கடல்தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். பல வாரங்கள் ஊறியபின் தோல் கண்ணாடிபோல் ஆகும், கசப்பு இறங்கும். பிறகு, உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி வேகவைத்து, பாகில் நாள்கணக்கில் ஏற்றுவார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் இத்தாலியர் செய்யும் பானத்தோனே ரொட்டியிலும், ஐரோப்பாவின் பழக் கேக்குகளிலும் பளபளவென்று தெரியும் துண்டுகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கதையில் விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கார்சிகா தீவு நார்த்தைக்கு உலகப் பெயர் பெற்றிருந்தது. ஆனால், அங்கே விளைந்த காயில் பெரும்பகுதி உப்புத் தண்ணீரில் போட்ட பீப்பாயாகவே கப்பலேறி, இத்தாலியின் லிவோர்னோ, ஜெனோவா போன்ற துறைமுக நகரங்களுக்குப் போனது. பாகு ஏறியது அங்கேதான். மரம் வளர்த்தவன் கையில் காய்க்கான காசு, பாகு காய்ச்சியவன் கையில் பண்டத்துக்கான காசு. சந்தை மாறியபோது முதலில் அடிவாங்கியதும் மரம் வளர்த்தவன்தான். அந்தத் தீவின் பல தோப்புகள் பின்னாளில் கைவிடப்பட்டன.

இத்தாலியின் தெற்கே கலாப்ரியா பகுதியில் இன்றும் கொஞ்சம் தோப்புகள் தாக்குப்பிடிக்கின்றன. அதற்குக் காரணம் ஒரே காயை இரண்டு விதமாக விற்பது. யூதர்களின் கூடாரத் திருவிழாவுக்கு ஒரு மறுவும் இல்லாத நார்த்தங்காய் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க அவர்களின் மதகுருமார்களே கோடையில் தோப்புக்கு வருகிறார்கள். அந்தக் காய்க்குத் தனி விலை. தழும்பு விழுந்த காய் பாகுக்குப் போகிறது. தரம் பிரித்தால் கழிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உப்புவரை வந்த ஊர்

புதுக்கோட்டைப் பக்கத்துப் பாட்டிகள் செய்யும் சுருள் நார்த்தங்காயைப் பார்த்தவர்களுக்குக் கார்சிகாவின் பீப்பாய் புதுமையாகத் தெரியாது. நன்றாகத் திரண்ட காயை எடுத்து, மேலிருந்து கீழாகச் சுருள்வடிவில், அறுந்துவிடாமல் கத்தியை ஓட்டுவார்கள். விரித்தால் வளையம் வளையமாகத் தொங்கும், மூடினால் மறுபடி காயாகும். இடைவெளி எல்லாம் கல்லுப்பை அடைத்துப் பீங்கான் ஜாடியில் போட்டு மூடிவைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு பகலில் மாடியில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புத் தண்ணீர். ஜாடியில் தண்ணீர் முழுவதும் காய்க்குள் இறங்கும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். கடைசியில் காய் கறுத்து, மேலே உப்புப் பூத்து, வருஷம் தாங்கும் பண்டமாகிவிடும்.

காய்ச்சல் வந்து வாய் கசந்தவருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு. மசக்கைக்காரிக்கு ஒரு துண்டு. கோடையில் பழைய சோற்றுக்கு ஒரு துண்டு. இலையையும் விடுவதில்லை. நார்த்தை இளந்தளிரோடு எலுமிச்சை இலை, மிளகாய், புளி, பெருங்காயம் சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நார்த்தை இலை. திருமயம், பொன்னமராவதி, அரிமளம் பக்கத்து நகரத்தார் ஊர்களில் இருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலத்தில், வருஷம் தாங்கும் இப்படிப்பட்ட பண்டங்களுக்கு இருந்த மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை.

எலுமிச்சைத் தோலுக்கும் இங்கே வேலை உண்டு. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் அம்மன் சன்னதியில் சாறு பிழிந்த மூடியைத் திருப்பி நெய்விளக்கு ஏற்றுகிறார்கள். நார்த்தாமலை மாரியம்மன் பங்குனித் திருவிழா போன்ற நாள்களில் எலுமிச்சை மாலைக்குக் குறைவிருக்காது. காய்ந்த தோல் குளியல் பொடியில் சேருகிறது, பித்தளைப் பாத்திரம் துலக்க உதவுகிறது.

உப்பைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணின் பழைய சம்பவம் ஒன்றையும் சொல்லவேண்டும். புதுக்கோட்டை 1948 மார்ச்வரை தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்து உப்புக் காய்ச்சும் தொழில் இங்கே இருந்தது. வெள்ளையர் அரசு தன் உப்பு வரிக்கு இது இடைஞ்சல் என்று கருதியது. 1887-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மண்ணுப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாகச் சமஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஈட்டுத்தொகை அரண்மனைக் கணக்கில் ஏறியது. ஆனால், உப்புக் காய்ச்சியவனின் பிழைப்பு போனது. கையில் இருக்கும் தொழில் ஒரு தாளில் கையெழுத்தானதும் எப்படி மறையும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

நார்த்தை விஷயத்தில் நம்மை யாரும் தடுக்கவில்லை. உப்பு ஜாடிவரை வந்து நாமே நின்றுவிட்டோம். உப்பிலிட்டுக் கசப்பை இறக்கும் முதல் பாதி வேலை கைவசம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சர்க்கரை விலை உயர்ந்த சரக்கு, உப்பு மலிவு. அதனால் கை உப்போடு நின்றதில் ஆச்சரியமில்லை. ஆனால், இன்று நிலைமை வேறு. அறந்தாங்கி வட்டம் குரும்பூரில் சர்க்கரை ஆலையே அமைந்த மாவட்டம் இது.

பாகு ஏற்றும் முறை

வேலையின் சூட்சுமம் ஒன்றுதான், அவசரப்படக்கூடாது. தோலில் இருக்கும் தண்ணீர் வெளியே வரவேண்டும், அந்த இடத்தில் சர்க்கரை உள்ளே போகவேண்டும். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால், சர்க்கரை உள்ளே போகும் வேகத்தைவிடத் தண்ணீர் வெளியே வரும் வேகம் அதிகமாகிவிடும். தோல் சுருங்கி ரப்பர்போல் ஆகும். அதனால் மெல்லிய பாகில் தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்க வேண்டும்.

காய் தேர்வு: நன்றாகத் திரண்டு, பச்சை மாறி மஞ்சள் தட்டத் தொடங்கிய, தோல் தடித்த காய் நல்லது. சொறி, கறுப்புப் புள்ளி உள்ள பகுதிகளைச் செதுக்கிவிட வேண்டும். கழுவி, நான்காக வெட்டி, சுளையை எடுத்துவிட வேண்டும். சுளை ஊறுகாய்க்கோ சர்பத்துக்கோ போகும். வெள்ளைச் சதையை நீக்கக்கூடாது. சர்க்கரையைப் பிடித்துவைப்பது அதுதான்.

கசப்பு நீக்கம்: தோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இப்படி 3 முறை. கடைசி முறை, ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கும் அளவுக்கு வேகவேண்டும். இதில் குறை வைத்தால் பிறகு சரிசெய்ய முடியாது. சர்க்கரை ஏறத் தொடங்கிய தோல் அதற்குமேல் மெத்தென்று வேகாது.

முதல் நாள்: ஒரு கிலோ தோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 430 கிராம் சர்க்கரை. இது சுமார் 30 சதவிகிதப் பாகு. இதில் ஒரு எலுமிச்சம்பழச் சாற்றைச் சேர்க்க வேண்டும். தோலைப் போட்டு 10 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, மூடி அப்படியே வைத்துவிட வேண்டும்.

2-ஆம் நாள் முதல் 6-ஆம் நாள்வரை: தினமும் பாகை மட்டும் வடித்து, 200 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, சூட்டோடு தோல்மேல் ஊற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு: சர்க்கரை சேர்க்காமல், பாகை மட்டும் தினமும் காய்ச்சிச் சுண்டவைத்து ஊற்ற வேண்டும். தேன்போல் கெட்டியாகி, இரு விரலுக்கிடையே கம்பி இழுக்கும் பதம் வந்ததும் 2 நாள் அசையாமல் வைக்கலாம். தோல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வந்திருக்கும்.

உலர்த்தல்: பாகை வடித்து, சல்லடைக் கரண்டியால் எடுத்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, ஒட்டுப்பசை போகும்வரை நிழலிலோ சூரிய உலர்த்தியிலோ காயவைக்க வேண்டும். திறந்த மாடியில் போட்டால் எறும்பும் ஈயும் தூசியும் நம்மைக் கேட்காமல் வந்துசேரும். காய்ந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்க வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. அலுமினியம், இரும்பு இரண்டும் புளிப்போடு சேரக்கூடாது. எலுமிச்சைச் சாறு சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து, பண்டம் பின்னாளில் நறநறவென்று பூத்துப்போகாமல் காக்கிறது. பாகில் ஏற்றிய பழத்துக்கும் தோலுக்கும் மொத்தச் சர்க்கரை 70 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது, அதில் கால்பங்காவது இப்படி உடைந்த சர்க்கரையாக இருக்கவேண்டும் என்று நம் நாட்டு உணவுத் தர விதியே சொல்கிறது. கெட்டுப்போகாமல் காப்பதும் அந்த 70 சதவிகிதம்தான். விற்பனைக்குச் செய்பவர்கள் பாகின் அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானி ஒன்றை வாங்கிக்கொண்டால் கண்மதிப்பை நம்பவேண்டியதில்லை.

லாபமா, நஷ்டமா?

ஒரு கிலோ தோலுக்கு மொத்தம் 1,430 கிராம் சர்க்கரை போகிறது. தோல் இழக்கும் தண்ணீரின் இடத்தைச் சர்க்கரை பிடிப்பதால், கிடைக்கும் பண்டம் முக்கால் முதல் ஒரு கிலோவரை இருக்கலாம். போட்ட சர்க்கரையில் ஏறக்குறைய பாதி பாகாகவே மிஞ்சும். இந்த மிச்சப் பாகில்தான் லாபநஷ்டமே இருக்கிறது. கொட்டினால் நஷ்டம். நார்த்தை மணம் ஏறிய அந்தப் பாகைச் சர்பத்தாக விற்றாலோ, அடுத்த ஈட்டுக்குத் தண்ணீர் கலந்து முதல் பாகாகப் பயன்படுத்தினாலோ கணக்கு நேராகும். சர்க்கரை, விறகு அல்லது கேஸ், டப்பா, 10 நாள் கைவேலை ஆகிய நான்கையும் எழுதிப் பார்க்காமல் விலை வைக்கக்கூடாது. கைவேலைக்குக் கூலி போடாத கணக்கு, கணக்கே அல்ல.

பேக்கரிகளை நம்பி இறங்குவதும் சரிப்படாது. கேக்கில் போடும் சிவப்பு, பச்சைத் துண்டுகளான டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயில் செய்வது. அந்த விலைக்கு நார்த்தந்தோலைக் கொடுக்கமுடியாது. இது வேறு சரக்கு, வேறு வாடிக்கையாளர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் பயணிகள் தங்கும் விடுதிகள், சாப்பாட்டுக்குப்பின் வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது தேடும் உணவகங்கள், பீடாக் கடைகள், நாட்டுப் பண்டம் விற்கும் அங்காடிகள், கார்த்திகை, மார்கழியில் பழக் கேக் செய்யும் வீடுகள் ஆகியவைதான் இதற்கு இடம். சிறிய சந்தைதான். ஆனால், போட்டியும் குறைவு.

அதனால், கடன் வாங்கி இயந்திரம் வாங்குவது முதல் படியாக இருக்கக்கூடாது. ஒரு கிலோ தோலில் செய்து, 3 மாதம் வைத்துப் பார்த்து, பூசணம் பிடிக்கிறதா, பூத்துப்போகிறதா என்று தெரிந்துகொண்டபின் அடுத்த படி ஏறலாம். விற்பனை என்று வந்துவிட்டால், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று கட்டாயம். லேபிளில் பெயர், எடை, சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பதிவு எண் இருக்கவேண்டும். 'நோய் தீர்க்கும்' என்று அச்சடிக்கக்கூடாது. பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பதப்படுத்தும் தொழிலுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். ஆலங்குடிக்கு அருகே வம்பனில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் மதிப்புக்கூட்டல் பற்றி விசாரிக்கலாம். குறு உணவுத் தொழில்களுக்காக 2020-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

வாசகர்கள் கேட்கும் சந்தேகங்கள்

எலுமிச்சைத் தோலில் இதைச் செய்யமுடியுமா?
நம் நாட்டு எலுமிச்சையின் தோல் மெல்லியது. பாகு பிடிக்கச் சதை போதாது. அதை ஊறுகாய்க்கும், உலர்த்திப் பொடியாக்கவும் பயன்படுத்தலாம். நார்த்தை, கிடாரங்காய், பம்பளிமாஸ் ஆகியவை பாகுக்கு ஏற்றவை. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுத் தோலிலும் செய்யலாம். பழச்சாறுக் கடைகளில் இவை கூடைகூடையாக வீணாகின்றன.

பூச்சிமருந்து அடித்த மரத்துக் காய் ஆகுமா?
கூடாது. சாறு குடிப்பதற்கும் தோலைத் தின்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெளித்த மருந்து தங்குவது தோலில்தான். மருந்து தெளிக்காமல் வளர்க்கும் கொல்லை மரம்தான் இதற்கு முதல் தகுதி. கடையில் வாங்கிய பழத்தின் தோலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை சேர்க்கலாமா?
வீட்டுக்குச் செய்யலாம். நிறம் கறுக்கும், கண்ணாடிப் பளபளப்பு வராது. வெல்லத்தில் ஈரமும் தூசும் இருப்பதால் பாகை வடிகட்டியே பயன்படுத்த வேண்டும். சீக்கிரம் புளிக்கவும் வாய்ப்பு உண்டு. பழகும்வரை வெள்ளைச் சர்க்கரையில் செய்து, கை பதமானபின் மாற்றிப் பார்க்கலாம்.

காய் மொத்தமாக வந்துவிட்டால் என்ன செய்வது?
சுளை நீக்கிய தோலை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்புக் கரைத்து, தோல் முழுவதும் மூழ்கும்படி ஜாடியில் போட்டுவைக்கலாம். தேவைப்படும்போது எடுத்து, உப்பு போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி 2 நாள் ஊறவைத்து, வேகவைத்துப் பாகில் ஏற்றலாம். கார்சிகாக்காரர் செய்ததும் இதைத்தான். காய்ந்து கறுத்த பழைய வற்றல் இதற்கு ஆகாது.

யார் சாப்பிடக்கூடாது?
சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாகு ஏற்றிய தோல் ஆகாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு நார்த்தங்காயைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கன்று எங்கே கிடைக்கும்?
குடுமியான்மலை, வல்லத்திராக்கோட்டை அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் விசாரிக்கலாம். பக்கத்து வீட்டில் நல்ல மரம் இருந்தால் அதுவே போதும். முற்றிய குச்சியை வெட்டி நிழலில் ஈரமண்ணில் நட்டால் வேர்பிடிக்கும், பதியனும் போடலாம். விதைக் கன்றைவிட இவை சீக்கிரம் காய்க்கும். நார்த்தை தண்ணீர் கேட்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண் வடிகால் அதற்குத் தோது.

ஒரு வீட்டுக்கு ஒரு மரம் போதும், தோப்பாகப் போடவேண்டியதில்லை. கஜா சாய்த்த கிணற்றடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது என்றால், வரும் ஆடியில் ஒரு குச்சி ஊன்றலாம். காய்க்கத் தொடங்கும் வருஷம், சுருள் அறுக்கத் தெரிந்த பாட்டி பக்கத்தில் இருந்தால் கத்தியைக் கையில் கொடுத்துப் பேத்தியை எதிரே உட்காரவைக்க வேண்டும். உப்பு ஜாடி ஒன்று, பாகுச் சட்டி ஒன்று. இரண்டும் ஒரே காய்க்குத்தான்.